எரிவாயு பஸ்ஸில் ஒரு முடிச்சுப் பை

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் பாரிஸ் லா சப்பலில் நல்ல மழை. என் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பாதையில் திருத்த வேலை என்று வார இறுதிகளில் ரயிலை நிறுத்தியிருந்தார்கள். புறநகர் கார்ஜ் பக்கம் போகிற சனம் முழுவதும் ரயிலுக்குப் பதிலாக விட்ட பஸ்ஸில்தான் ஏறவேண்டும். ஏறியவர்களில் பாதிக்கு மேல் நம்மவர்கள். எல்லார் கையிலும் பை. ஒன்றில் முருங்கைக்காய் தலை நீட்டுகிறது, இன்னொன்றில் வாழைப்பொத்தி. ஒரு ஐயா பத்துக் கிலோ அரிசி மூட்டையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

புறப்பட்டு இரண்டு தரிப்பிடம் தாண்டியிருக்க மாட்டேன். மூக்கில் ஏறியது அந்த மணம்.

முன் இருக்கையிலிருந்த பிரெஞ்சு மனுசி கழுத்துச் சால்வையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. ‘உன் ஆட்கள்தானே’ என்கிற பார்வை.

நான் மைக்கை எடுத்தேன். பிரெஞ்சில் பேசவில்லை, தமிழில் பேசினேன்.

“ஆற்றை பையிலை கருவாடு இருக்கு? எத்தினை தரம் சொல்லுறது, நல்லாச் சுத்திக் கட்டிக்கொண்டு ஏறுங்கோ எண்டு? மற்றச் சனமும் பஸ்ஸிலை வருகுதெல்லே? மானம் போகுது.”

கண்ணாடியில் பார்த்தேன். ஒருவர் பையை இருக்கைக்குக் கீழே தள்ளினார். ஒருத்தி தன் கோட்டைக் கழற்றிப் பைக்கு மேல் போட்டாள். அரிசி ஐயா மூட்டையை முகர்ந்தே பார்த்தார்.

என் கூண்டுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். நெஞ்சோடு அணைத்த ஒரு பிளாஸ்டிக் பை, அதன் வாயில் முடிச்சுக்கு மேல் முடிச்சு. அது போதும் எனக்கு. அடுத்த தரிப்பிடத்தில் கதவைத் திறந்தேன்.

“நீங்கள்தானே? இறங்குங்கோ. அடுத்த பஸ்ஸிலை வாங்கோ.”

அவள் என்னைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். இறங்கினாள். அந்தத் தரிப்பிடத்தில் கூரை கூடக் கிடையாது, ஒரு கம்பம் மட்டும்தான். அடுத்த பஸ் வர அரை மணித்தியாலம் ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கதவை மூடினேன்.

இந்தத் தொடரை வாரா வாரம் படிக்கிற ஒருவர், எழுத்தில் கோபம் அதிகமாக இருக்கிறது, கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று ஆசிரியருக்கு எழுதியிருக்கிறார். ஐயா, இந்த வாரம் கூடத்தான் செய்யும். ஆர் மேல் கோபம் என்று கேட்டால் முதலில் கம்பெனி மேல் என்பேன். முழுக்கப் படித்தால் மிச்சம் தெரியும்.

கூரையில் சிலிண்டர்

முதலில் நான் ஓட்டியது டீசல் பஸ். வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தவுடன் மகள் மூக்கைப் பொத்துவாள். “அம்மா, உன்னிலை பஸ் மணக்குது” என்று பிரெஞ்சில் சொல்லுவாள். நான் தமிழில் ஏசுவேன், அவள் பிரெஞ்சில் சிரிப்பாள். குளித்துவிட்டு வந்த பிறகுதான் கட்டிப்பிடிப்பாள்.

பிறகு எரிவாயு பஸ்கள் வந்தன. கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. நகரத்துக்காக ஒப்பந்தத்தில் பஸ் ஓட்டுகிற சின்னக் கம்பெனி, அவ்வளவு போதும். பஸ்ஸின் கூரையில் சிலிண்டர்களை வரிசையாகப் படுக்கவைத்து மேலே ஒரு மூடி போட்டிருப்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் பஸ்ஸுக்குத் திமில் முளைத்த மாதிரி இருக்கும். பக்கவாட்டில் ஒரு பச்சை இலை வரைந்து ‘சுத்தமான காற்றுக்காக’ என்று எழுதியிருந்தார்கள். சத்தமும் குறைவு, புகையும் இல்லை.

எனக்கு அந்த பஸ்ஸில் உண்மையாகவே பெருமை. அதை ஓட்டத் தொடங்கிய முதல் கிழமை, மகள் கதவடியிலேயே வந்து கட்டிப்பிடித்தாள். அந்த இலைப் படத்தைத் தடவிக்கொடுத்த நாள் கூட உண்டு. வேறு ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

எரிவாயு பஸ் ஓட்டுவதற்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். சொல்லித்தந்தவர் ஒரு சின்னப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: எரிவாயுவுக்குச் சொந்த மணம் என்று ஒன்றில்லை. கசிந்தால் மனிதருக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே அதற்குள் ஒரு நாற்றத்தைக் கலக்கிறார்கள். இந்த மணம் பஸ்ஸில் வந்தால் யோசிக்க வேண்டாம், நிறுத்துங்கள்.

போத்தல் ஒவ்வொரு கையாக வந்தது. ஒருவர் அழுகின முட்டை என்றார். மாலி நாட்டுக்காரனான மமாது, எங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதியும் அவன்தான், உள்ளிப்பூண்டு என்றான். எனக்கு முகர்ந்த உடனே வந்த நினைப்பு பெருங்காயம். பெருங்காயத்துக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது என்று தெரியாததால் பேசாமல் போத்தலை அடுத்தவரிடம் கொடுத்தேன். அன்றைக்கே என் மூக்கு அந்த நாற்றத்தைச் சமையலறைப் பக்கம் சேர்த்து வைத்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லித்தந்தார். எரிவாயு காற்றை விட லேசு, மேலே போகும். ஆகவே கசியும் பஸ்ஸைப் பாலத்துக்குக் கீழே, சுரங்கத்துக்குள்ளே நிறுத்தக்கூடாது. “தலைக்கு மேல் வானம் மட்டும் இருக்கிற இடத்தில் நிறுத்துங்கள்” என்றார். அதை மட்டும் நான் கொப்பியில் தமிழில் எழுதி வைத்திருந்தேன்.

‘உங்கள் ஆட்கள்’

கருவாட்டுக் கதை அந்த மழைச் சனிக்கிழமைக்கு முன்பே தொடங்கிவிட்டது. பஸ்கள் நிற்கிற தெப்போவின் பொறுப்பாளரை எல்லாரும் ‘ஷெஃப்’ என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். பயணி ஒருவரின் முறைப்பாடு. லா சப்பலில் ஏறுகிறவர்களின் பைகளில் இருந்து தாங்க முடியாத மணம் வருகிறதாம்.

“உங்கள் ஆட்களுக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்லவேண்டும், மதாம்” என்று சிரித்தார். நல்ல மனுசன் சிரிக்கிற மாதிரித்தான் சிரித்தார்.

உதைபந்தாட்ட நாட்களில் பஸ் முழுக்க பியரைக் கொட்டிவிட்டு இறங்குகிறார்களே, அப்போது எந்தப் பிரெஞ்சுக்காரச் சாரதியைக் கூப்பிட்டு ‘உன் ஆட்களுக்குச் சொல்லு’ என்றார்? இதை அன்றைக்கே அவர் முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும். பதினைந்து வருடமாக பஸ் ஓட்டுகிறேன், என் வேலை ஓட்டுவது, சனத்தை முகர்ந்து பார்ப்பது இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது “சரி, மிசியே.” இதை எழுதும்போது கூடப் பல்லைக் கடிக்கிறேன்.

அதற்குப் பிறகு என் கண் பைகளுக்குப் போய்விட்டது.

லா சப்பலில் கருவாடு வாங்கினால் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார். “காரிலையோ, பஸ்ஸிலையோ?” கார் என்றால் ஒரு பை. பஸ் என்றால் கடதாசியில் சுற்றி, பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டுத் தருவார். வாங்குகிறவரும் வீட்டுக்குப் போகும் வரை அந்த முடிச்சில் இருந்து கையை எடுக்கமாட்டார். வெள்ளைக்காரர் சொல்லித் தரவில்லை, நாங்களாகவே பழகிக்கொண்ட வெட்கம் இது. ஆகவே முடிச்சுப் போட்ட பை என்றால் உள்ளே கருவாடு என்று எனக்கு நிச்சயம். அந்தப் பெண்ணை இறக்கியதும் அந்த நிச்சயத்தில்தான்.

அவளை இறக்கிய பிறகும் மணம் போகவில்லை. கார்ஜ் போய்ச் சேரும் வரை இருந்தது. துணியில் பிடித்த மணம் உடனே போகாதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேலை முடிந்து பஸ்ஸின் பதிவேட்டில் எழுதினேன்: ‘உள்ளே கடும் மணம். பயணி ஒருவரின் பொருள். பயணி இறக்கப்பட்டார்.’ வடிவான கையெழுத்து, கீழே என் பெயர்.

அடுத்த வார இறுதியில் மறுபடி மணம். பதிவேட்டில் எழுதினேன். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் எழுதினேன். இரண்டு தடவையும் பக்கத்தில் பென்சிலால் பதில் எழுதியிருந்தார்கள். ‘பயணிகளின் பொருட்கள். யன்னலைத் திறந்து விடவும்.’

வெறும் பைகள்

அந்த மூன்றாம் சனிக்கிழமைக்கு மறுநாள் காலை. கார்ஜில் இருந்து பாரிஸுக்கு வருகிற முதல் ஓட்டங்களில் ஒன்று. நல்ல வெயில். பஸ்ஸில் நம்மவர்கள் இருபது பேர் வரை. லா சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள். பின்னால் வேறு சனமும் இருந்தது.

ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்தைத் தாண்டி வரும்போது அதே மணம் வந்தது. முன்னைவிடக் கடுமையாக.

பழக்க தோஷத்தில் கை மைக்குக்குப் போனது. கண்ணாடியைப் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு அம்மா மடியில் பையை நாலாக மடித்து வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் பையைச் சுருட்டிக் கைக்குள் வைத்திருந்தார். அதற்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டி, வாய் திறந்தபடி, உள்ளே ஒன்றுமில்லை. எல்லாரும் வாங்கப் போகிறவர்கள். ஒருவர் பையிலும் ஒன்றும் கிடையாது.

பயிற்சியில் முகர்ந்த அந்தச் சின்னப் போத்தல் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கசிவைக் காட்டுகிற எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. பஸ் நின்றது சிவப்பு லைட்டில், சரியாக மெட்ரோ மேம்பாலத்துக்குக் கீழே. தலைக்கு மேல் இரும்பு. மேலே ரயில் ஒன்று தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. நான் ஹோர்னை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிவப்பு லைட்டைத் தாண்டினேன். ஒரு கார்க்காரன் கெட்ட வார்த்தையில் கத்தினான். பாலத்தை விட்டு வெளியே வந்து, மேலே வானம் தெரிந்த இடத்தில், தெருவுக்குக் குறுக்கே பஸ்ஸை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மின்சாரத்தைத் துண்டிக்கிற பிரதான ஆளியை இழுத்து, கதவுகள் எல்லாவற்றையும் திறந்தேன்.

“எல்லாரும் இறங்குங்கோ! தூரப் போங்கோ! போனைத் தொடாதேங்கோ!”

பிரெஞ்சிலும் கத்தினேன். கீழே இறங்கிய ஒருவன் ஆறுதலாகச் சிகரெட்டை வாயில் வைத்தான். அதைத் தட்டிவிட்டேன். அடித்தேன் என்றுதான் அவன் பிறகு எழுதிக் கொடுத்தான்.

தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். கருவியைக் கூரைக்கும் உள்ளேயும் பிடித்துப் பார்த்தார்கள். எஞ்சின் நின்று, காற்றும் வீசி, மணம் போய்விட்டிருந்தது. கருவி ஒன்றும் காட்டவில்லை. அவர்களில் ஒருவர் என் தோளில் தட்டி, நீங்கள் செய்தது சரி என்றார். அதை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கம்பெனியின் மெக்கானிக் வந்து பத்து நிமிடம் பார்த்தான். கூரைக்கு ஏறக்கூட இல்லை. விளக்கு எரியவில்லை, ஆகவே கசிவு இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனான். விளக்கே பழுதாக இருந்தால் என்று கேட்டேன். அவன் தோளைக் குலுக்கினான்.

மறுநாள் அதே பஸ்ஸை வேறொரு சாரதியிடம் கொடுத்து ஓடவிட்டார்கள்.

என் கையெழுத்து

நாலாம் நாள் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. காரணமில்லாமல் பயணிகளைப் பீதிக்குள்ளாக்கியது, சிவப்பு லைட்டைத் தாண்டியது, பயணி ஒருவரைத் தாக்கியது. விளக்கம் தர வரவேண்டும். வேலை நீக்கம் வரைக்கும் போகலாம் என்று கடைசி வரியில் இருந்தது.

கடிதத்தை மமாதுவிடம் காட்டினேன். பதிவேட்டில் மூன்று தடவை எழுதியிருக்கிறேன், அதைக் காட்டுவோம் என்றேன். அவன் பதிவேட்டின் பிரதியை எடுத்து வந்து முதல் பதிவில் விரலை வைத்தான்.

“இதை யார் எழுதியது?”

“நான்தான்.”

“பயணியின் பொருள் என்று நீயே எழுதியிருக்கிறாய். பயணியை இறக்கினேன் என்றும் எழுதியிருக்கிறாய். பின்னால் வந்த இரண்டுக்கும் அவர்கள் எழுதிய பதில் உன்னுடைய வசனம்தான். உன்னைக் கொண்டே உன்னை வெளியே அனுப்பப் போகிறார்கள்.”

அந்த வசனம் ஷெஃபின் வாயில் இருந்து வந்திருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். அது என் கையெழுத்தில் இருந்தது.

“அந்தப் பெண்ணைக் கண்டுபிடி. பையில் என்ன இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்” என்றான் மமாது.

முகம் நினைவிருந்தது, பெயர் தெரியாது. லா சப்பலில் ரூ லூயி-பிளாங்க் தெருவில் கடை கடையாக ஏறி விசாரித்தேன். எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் ஒரு போன் கடைக்காரர் நான் சொல்லி முடிக்கும் முன்பே தலையாட்டினார்.

“நானும் அண்டைக்கு உங்கடை பஸ்ஸிலைதான் வந்தனான், அக்கா.”

“அப்ப ஏன் ஒண்டும் பேசேல்லை?”

“என்ரை பையிலை பெருங்காய டப்பா ஒண்டு இருந்தது. மூடி கழண்டிட்டுதோ எண்டு பயந்துபோனன். வீட்டை போய்ப் பாத்தா சீல் கூட உடையேல்லை.” கொஞ்ச நேரம் போனைத் துடைத்துக்கொண்டிருந்தார். “எல்லாரும் தங்கடை பையெண்டுதான் நினைச்சிருப்பினம். நீங்கள் அந்தப் பிள்ளையை இறக்கினவுடனை எல்லாருக்கும் நிம்மதி.”

பெயர் கௌரி, வன்னியில் இருந்து போர் முடிந்த பிறகு வந்தவள் என்று அவர்தான் சொன்னார். மூன்று கடை தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் வேலை.

பையில் இருந்தது

கௌரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். கத்தியைக் கீழே வைத்தாள். அவள் எழுந்து நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பொலிஸைக் கண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

“இருங்கோ, இருங்கோ. நான் ஒரு விசயம் கேக்க வந்தனான். அண்டைக்கு உங்கடை பையிலை என்ன இருந்தது?”

“இடியப்ப மா. ரெண்டு தேங்காய். பிள்ளையின்ரை சப்பாத்து.”

“கருவாடு?”

“இல்லை.”

“பெருங்காயம் ஏதும்?”

“இல்லை அக்கா.”

“அப்ப ஏன் பையை அப்பிடி முடிஞ்சு வைச்சிருந்தனீங்கள்?”

“மழையெல்லே. புதுச் சப்பாத்து. அடுத்த திங்கள் பள்ளிக்கூடம் துடங்க இருந்தது, நனையக்கூடாது எண்டு கட்டினனான்.”

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

“நனைஞ்சுதோ?”

“ஓம்.”

பக்கத்து அடுப்பில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் பிள்ளை, கருவாடு இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே? பையைத் திறந்து காட்டியிருக்கலாமே?”

குரல் உயர்ந்துவிட்டது. அவள் மேல் எனக்கு என்ன கோபம் வரவேண்டி இருக்கிறது? ஆனால் வந்தது. என் பிழையை அவள் அன்றைக்கே தடுத்திருக்கலாம் என்று உள்ளே ஏதோ ஒன்று அவளோடு சண்டை பிடித்தது.

கௌரி வெங்காயத் தோலை ஒதுக்கினாள்.

“மைக்கிலை தமிழிலை கூப்பிட்டா எனக்குக் கைகால் ஓடாது அக்கா. அங்கை ஆமிக்காரர் அப்பிடித்தான் கூப்பிடுவினம். இறங்கு எண்டா இறங்கவேணும். ஏன் எண்டு கேட்ட ஆக்களை நான் பிறகு காணேல்லை.”

மைக் என் கையில் இருந்த நினைப்பில் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னேன். சாட்சிக் கடிதம் வேண்டும். பிரெஞ்சில் அதை அவள் தன் கையாலேயே எழுத வேண்டும், கையெழுத்து வைக்க வேண்டும், அடையாளப் பத்திரத்தின் பிரதியும் இணைக்க வேண்டும். அதைக் கேட்டவுடன் அவள் முகம் மாறியது. அவளிடம் வதிவிட அட்டை கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ரெசிப்பிசே என்கிற தற்காலிகக் கடதாசி மட்டும்தான். அந்தக் கடதாசியின் பிரதி ஒரு கம்பெனியின் கோப்புக்குள் போவது என்றால் எந்த அகதிக்கும் பயம் வரும். எனக்கும் ஒரு காலத்தில் வந்தது.

“இதாலை எனக்கு ஒண்டும் வராதோ?”

வராது என்று சத்தியம் பண்ணியிருக்கலாம். “எனக்குத் தெரியேல்லை. வராது எண்டுதான் நினைக்கிறன்” என்றேன். அன்றைக்கு நான் பேசியதில் நேர்மையான வசனம் அது ஒன்றுதான்.

யோசித்துவிட்டு, வேலை முடிந்து எழுதித் தருகிறேன் என்றாள்.

முன் மேசையில் இருந்து நான் பிரெஞ்சில் ஒரு வரைவு எழுதினேன். பையில் இருந்தவை, பையில் இல்லாதவை, அந்த மணம் அவளுக்கும் வந்தது என்பது, எல்லாம் எழுதினேன். கடைசியில், ‘சாரதி என்னை இறங்கும்படி கேட்டுக்கொண்டார்’ என்று முடித்தேன். கௌரி அதைத் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

“கேட்டுக்கொண்டா எண்டு எழுதாதேங்கோ. நீங்கள் கேக்கேல்லை. மைக்கிலை பேசி, மழைக்குள்ளை இறக்கிவிட்டனீங்கள். அப்பிடி எழுதுங்கோ. இல்லாட்டி நான் எழுதேல்லை.”

பயணியை இப்படி இறக்குவது சாரதிக்குக் குற்றம். அவள் சொன்ன வசனத்தை எழுதினால் என் வேலையைக் காப்பாற்ற வேண்டிய கடிதமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அவளுக்கு அது தெரியாது. நான் சொல்லவும் இல்லை. வரைவை வெட்டிவிட்டு அவள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன்.

அவள் பிரெஞ்சு எழுதிப் பழகியவள் இல்லை. என் வரைவைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைந்தாள். எழுத்தின் மேல் வருகிற சின்னக் கோடுகளைக் கூட விடவில்லை. ஒரு பக்கம் எழுத ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. அவ்வளவு நேரமும் நான் எதிரே இருந்தேன். ‘மழைக்குள்’ என்ற சொல்லுக்கு அவள் வந்தபோது என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து போய்த் தேத்தண்ணி வாங்கி வந்தேன்.

விசாரணை

ஷெஃப் கடிதத்தை வாசித்தார். மமாது என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான்.

“மாவும் தேங்காயும் சப்பாத்தும் மணக்காது” என்றான் மமாது. “அப்படியென்றால் முதல் நாளே மணந்தது என்ன? பஸ்ஸைக் கூரை வரைக்கும் கழற்றிப் பாருங்கள். அதுவரைக்கும் அந்த பஸ்ஸை எங்கள் ஆட்கள் ஒருவரும் எடுக்கமாட்டார்கள்.”

கழற்றிப் பார்த்தார்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஏணி வைத்து ஏறி, ஒழுங்காகப் பார்த்தார்கள். சிலிண்டரில் இருந்து வரும் குழாய் ஒன்று இணைப்பில் சேருகிற இடத்தில் மயிரிழை வெடிப்பு. பஸ் ஓடும்போது அதிர்ந்தால் திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். கூரைச் சாளரத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் மணம் உள்ளே இறங்கியிருக்கிறது. எச்சரிக்கை விளக்கின் கம்பியும் கழன்றிருந்தது. எத்தனை மாதமாகக் கழன்றிருந்தது என்று நான் கேட்டேன். திரும்பவும் கேட்டேன். ஷெஃப் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

மூன்று வார இறுதி. ஒவ்வொரு ஓட்டத்திலும் நூறு பேர். பிள்ளைகள், கர்ப்பிணிகள், அரிசி மூட்டை ஐயா. தலைக்கு மேல் எரிவாயு கசிந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் அதற்குக் கீழே இருந்துகொண்டு எங்கள் பையை நாங்களே முகர்ந்து பார்த்தோம். கம்பெனி எங்களை ஏமாற்றவே தேவையிருக்கவில்லை. மணம் என்றால் எங்களில் இருந்துதான் வரும் என்று முதலில் நம்பியது நாங்கள்தான்.

வேலை நீக்கம் இல்லை என்றார்கள். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ‘பயணி ஒருவரைத் தகுந்த காரணமின்றி வாகனத்தில் இருந்து இறக்கியமைக்காக.’ மமாது கொதித்துப்போனான், இதை எதிர்த்து எழுதுவோம் என்றான். நான் வேண்டாம் என்றேன். அந்தக் கம்பெனியில் இருந்து எனக்கு வந்த கடிதங்களில் நியாயமானது அது ஒன்றுதான். இப்போதும் வைத்திருக்கிறேன்.

கௌரியின் கடதாசிக்கு ஒரு பிரச்சினையும் வரவில்லை. அதைச் சொல்வதற்காகக் கடைக்குப் போனேன். ஒரு சோடிச் சப்பாத்தும் வாங்கிக்கொண்டு போனேன். அளவு தெரியாமல் வாங்கியது. அவள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். “அது காய்ஞ்சிட்டுது அக்கா. பிள்ளை போட்டுக்கொண்டுதான் போறாள்.”

மன்னித்துவிடு என்று நான் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். அவள் வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள், நானும் பெட்டியோடு திரும்பிவிட்டேன்.

அதே தரிப்பிடம்

குழாயை மாற்றி, இலைப் படத்துக்குப் புதுப் பெயின்ற் அடித்து, அதே பஸ்ஸைத் திரும்பவும் என்னிடம் தந்தார்கள். திருத்த வேலை முடியவில்லை, வார இறுதிகளில் அதே ஓட்டம். ஒரு சனிக்கிழமை லா சப்பல் தரிப்பிடத்தில் கௌரி ஏறினாள். கையில் பை, முடிச்சு இல்லை.

உள்ளே போகாமல் என் கூண்டுக்கு முன்னால் நின்றாள். இரண்டு கையாலும் பையின் வாயை விரித்து எனக்கு நேரே பிடித்தாள்.

“பாருங்கோ அக்கா.”

“ஐயோ கௌரி, உதென்ன? உள்ளை போங்கோ.”

அவள் போகவில்லை. முகத்தில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. பின்னால் ஏறக் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். கத்தரிக்காய், ஒரு பால் போத்தல், மல்லித்தூள் பைக்கற்.

“பாத்திட்டியளோ?”

“ஓம்.”

அதற்குப் பிறகுதான் உள்ளே போனாள்.

அடுத்த தடவையும் அப்படித்தான் செய்தாள். வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன், ஒருநாள் கத்தியும் பார்த்தேன். ரயில் பழையபடி ஓடத் தொடங்கிவிட்டது. இடைக்கிடை ரயில் நிற்கிற வார இறுதிகளில் மட்டும் நாங்கள் சந்திக்கிறோம். பையைத் திறந்து, நான் பார்த்து முடிக்கும் வரை நின்று, பிறகுதான் போகிறாள்.

மமாது ஓட்டும் பஸ்ஸிலும் அவள் சில நாட்களில் ஏறுவாள். அவனிடம் விசாரித்தேன். அங்கே அவள் பையைத் திறப்பதில்லையாம்.